தண்டனை யாருக்கு?

“பிடுங்கு கைபேசியை! நிறுத்து படிப்பை! பார் ஒரு மாப்பிள்ளையை!”

தீர்ப்பு பிறந்துவிட்டது! வழக்கு என்ன? உடன் படிக்கும் சிறுமியின் படத்தை எடுத்தான் ஒருவன். முகத்தை வெட்டி வேறோர் உடலிலே ஒட்டினான். வாட்ஸ்அப் குழுவிலே உலவவிட்டான். பார்த்தனர் பலர், சிரித்தனர் சிலர், அடுத்த குழுவுக்கு அனுப்பி அகமகிழ்ந்தனர் இன்னும் சிலர். படத்தைத் திரித்தவன் மறுநாள் பள்ளிக்குப் போகிறான், சட்டைப்பையிலே கைபேசியுடன்! தண்டனையோ, தவறேதும் செய்யாத அந்தப் பெண்ணுக்கு! இதுவா நீதி?

தோழர்களே! ‘இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விவகாரம்’ என்று ஒதுக்கிவிடாதீர். 2020-ல் கொரோனா வந்தது, பள்ளிகள் பூட்டப்பட்டன, பாடம் கைபேசிக்குள் புகுந்தது. ஆலைத் தோழனும் ஆட்டோ ஓட்டும் தோழனும் கடன்பட்டு, தவணை கட்டி, ‘பிள்ளை படிக்கட்டும்’ என்று வாங்கிக் கொடுத்த கருவி அது. பாடம் வந்த வழியாகவே பழிச்சொல்லும் வந்தது. நிறத்தைச் சொல்லி நையாண்டி, உடலைச் சொல்லி ஏளனம், சாதியைச் சொல்லி இழிவு! முன்பு பள்ளி மணி அடித்தால் வீடு அடைக்கலம் தந்தது. இன்றோ ஏளனம் பாய் விரித்துப் படுக்கும் இடம்வரை பின்தொடர்கிறது.

“கடுஞ்சட்டம் கொண்டு வா” என்கின்றனர் சிலர். சட்டத்தின் கதையைச் சற்றே கேளுங்கள். மனம் புண்படும் சேதியை இணையத்தில் அனுப்பினால் சிறை என்றது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. பால் தாக்கரே மறைந்தபோது மும்பை கடையடைத்தது ஏன் என்று 2012-ல் பேஸ்புக்கிலே எழுதினார் ஓர் இளம்பெண்; அதற்கு ‘லைக்’ போட்டார் இன்னொருவர். இருவரும் கைது! வேலி என்று நட்டனர், பயிரை மேய்ந்தது! 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவையே வீழ்த்தியது. சட்டமே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். சிறாரின் ஆபாசப் படத்தைப் பரப்புவோரைத் தண்டிக்க 67பி பிரிவு இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் இருக்கிறது. குழந்தையின் பெயரைச் சொல்லிக் குடிமகனின் வாயைக் கட்டாதே என்பதே நம் வாதம்.

“வயது வரம்பு வை” என்கின்றனர் வேறு சிலர். வைத்திருக்கிறது ஆஸ்திரேலியா. 16 வயது நிரம்பாதோர் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கலாகாது. 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறை. மீறினால் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். யாருக்கு? பிள்ளைக்கா? பெற்றவருக்கா? இல்லை, கொழுத்த இலாபம் பார்க்கும் கம்பெனிக்கு! சிறாரை இழிவுபடுத்தும் பதிவை நீக்க ஆணை பிறந்தால், 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்கிறது அந்நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம். சுமையை யார் தோளிலே ஏற்றினார்கள், பார்த்தீர்களா? அங்கேயும் வாட்ஸ்அப் போன்ற சேதிக் கருவிகள் வயதுத் தடைக்குள் வரவில்லை. கதவை அடைத்தார்கள், சன்னல் திறந்தே கிடக்கிறது!

ஆகவே, சட்டம் எட்டாத இடத்திலே நாம் நிற்க வேண்டும். அடிபட்ட பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? ‘சொன்னால் கைபேசி போகும், படிப்பும் போகும்’ என்ற அச்சம்! அந்த அச்சமே அவதூறு செய்பவனின் ஆயுதம். “மானம் போயிற்றே” என்று தலையில் அடித்துக்கொள்ளும் பெற்றோரே, போனது யாருடைய மானம்? படத்தைத் திரித்தவனுடையதா, படத்தில் இருப்பவளுடையதா? 1925-ல் சுயமரியாதை இயக்கம் பிறந்த மண்ணிலே இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் விழிக்கலாமா?

“நீ ஏன் படம் போட்டாய்?” என்று மகளைக் கேட்காதீர். “நான் இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். அனுப்பியவன் பெயர், எண், நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்; குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய எண்களை அழையுங்கள். தவறு செய்த சிறுவனையும் ஊரார் முன் நிறுத்தி உதைக்க வேண்டாம். அவனும் நம் பிள்ளைதான். தவறை உணர்த்தி, அவன் அனுப்பிய குழுவிலேயே உண்மையைச் சொல்லச் செய்யுங்கள். பரப்பியவர் கைகளும் கழுவப்பட வேண்டும். திரித்தவன் ஒருவன், தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நூறு பேர்!

கடைசியாக ஒன்று, கசப்பானது. பிள்ளைகள் இந்த வசையை எங்கே கற்றனர்? கொடியை முகப்புப் படமாக வைத்துக்கொண்டு, மாற்றுக் கட்சிப் பெண்ணைக் கொச்சையாக ஏசும் விரல்கள் எக்கட்சியில் இல்லை? அப்பன் தட்டுவதை அருகிலிருந்து படிக்கிறான் மகன். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று முழங்கும் நாம், நடுவில் நிற்கும் சொல்லை மேடைக்கு மட்டுமா வைத்திருக்கிறோம்? கைபேசிக்குள்ளும் அது இருக்கட்டும். எதிரியின் கொள்கையைக் கிழித்தெறி. அவன் வீட்டுப் பெண்ணின் மீது கை வைக்காதே. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு வேறு பாடம் தேவையில்லை!