வேலிச் சண்டையும் தலைப்புச் செய்தியும்

யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை புதிதல்ல. கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருந்தோர் உண்டு. அவர்களே செத்தவீட்டில் கூடியழுது சமாதானமானதும் உண்டு. ஒழுங்கைக்குள் தொடங்கியது ஒழுங்கைக்குள்ளேயே முடிந்தது. இன்று அது மறுநாட் பத்திரிகைக்கு வந்துவிடுகிறது.

கொழும்புத்துறையில் நாம் கண்டதொன்றைச் சொல்கிறோம். கடனீரேரியில் சிறகுவலை கட்டும் இடம் பற்றி இரு தொழிலாளர்களிடையே வாய்த்தர்க்கம் ஏற்பட்டு, ஒரு வலை அறுந்தது. அன்று மாலையே சங்கத்தினர் இருவரையும் இருத்திப் பேசி நட்டஈட்டைத் தீர்மானித்தனர். மறுநாள் ஒரு நாளிதழின் தலைப்போ, இரு பகுதியினரிடையே மோதல், பதற்றம் என்றிருந்தது. 'பகுதி' என்ற சொல்லுக்கு எமது மண்ணில் உள்ள மறுபொருளை வாசகர் அறிவர். பதற்றம் அதன் பின்னரே வந்தது. வெளிநாட்டு உறவினர் தொலைபேசியில் கொதித்தனர். இளைஞர் சந்தியிற் கூடினர். முடிந்த பிணக்கை மீண்டும் தீர்க்க மூன்று வாரங்கள் சென்றன.

நிருபரை மட்டும் குறைகூறுவது நீதியன்று. பிரதேச நிருபர் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. பிரசுரமாகும் செய்திக்கே கொடுப்பனவு. ஒருவரே பல கிராமங்களைப் பார்க்கவேண்டும். இரு தரப்பையும் நேரிற் கேட்க நேரமுமில்லை, பெற்றோலுக்குப் பணமுமில்லை. குடாநாட்டுப் பத்திரிகைத்துறை பட்ட காயங்களும் சிறியவையல்ல. 1981இல் 'ஈழநாடு' அலுவலகம் எரிக்கப்பட்டது. 2000 ஒக்டோபரில் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2இல் 'உதயன்' அலுவலகத்தில் ஊழியர் இருவர் கொல்லப்பட்டனர். அனுபவமிக்கோர் பலர் நாட்டைவிட்டுப் போயினர். வலியோரைப் பற்றி எழுதுவது ஆபத்து. வலை அறுந்த ஏழையைப் பற்றி எழுதுவதில் ஆபத்தில்லை. வெற்றிடத்தைச் சிறு பிணக்குகள் நிரப்புகின்றன.

எமக்கும் இதிற் பங்குண்டு. "பேப்பரில் போடுவிப்பேன்" என்று அயலவரை வெருட்டுவோர் யார்? நாமேயல்லவா! தவறிழைத்த சகோதரனிடம் முதலில் தனியே பேசவும், பின்னர் ஓரிருவரை அழைத்துச் செல்லவும், இறுதியாகவே சபைக்கு அறிவிக்கவும் இயேசு கற்பித்தார். நாம் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, ஊர் முழுவதற்கும் முதலில் அறிவிக்கிறோம்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் இத்தகைய பிணக்குகளை இணக்கமாகத் தீர்க்க முயல்கின்றன. அங்கு தீர்ந்தவை செய்தியாவது அரிது.

ஆசிரியர்களிடம் நாம் கேட்பது அதிகமன்று. எவருக்கும் காயமில்லாத பிணக்கை ஒருநாள் பொறுத்து, இரு தரப்பையும் கேட்டு வெளியிடுங்கள். தீர்ந்தால், அதே பக்கத்தில் அதே அளவில் அதையும் போடுங்கள். சங்கங்களும் பங்குச் சபைகளும், நிருபர் கேட்கும்போது உண்மையை மறையாது சொல்ல ஒருவரை நியமிக்கட்டும். பத்திரிகை நாளை பழைய தாளாகிவிடும். ஆனால் அந்த இரு தொழிலாளரும் நாளையும் அதே கடலுக்குத்தான் போகவேண்டும்.