பட்டறிவுக்குச் சம்பளம் கேட்கிறோம்

நாங்கள் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள். வலை பின்னுகிறவர்கள், கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் பார்த்தவர்கள், மீன் விற்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் எல்லோருக்கும் மனநோய் வந்தது. மாத்திரை தின்று, ஊர் வாயில் விழுந்து, எழுந்து வந்திருக்கிறோம். "கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்ற மனநல ஆஸ்பத்திரி அதட்டலைக் கேட்டே வளர்ந்த நாங்கள், பின்னாளில் கையில் சீட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். இன்று ஓர் இயக்கமாகக் கூடியிருக்கிறோம்.

ஏன் கூடினோம் என்பதற்கு, இதை எழுதுகிறவனுக்கு நடந்ததையே சொல்கிறேன். மாத்திரை தொடங்கி ஒரு மாதம். காதில் கேட்ட குரல்கள் அடங்கியிருந்தன. ஆனால் விரல்கள் விறைத்துப்போய், வலை ஊசி கண்ணிக்குள் நுழைய மறுத்தது. நாலு கண்ணி போடுவதற்குள் கை நடுங்கும். "காலையிலேயே குடிச்சிட்டு வந்துட்டான்" என்றார்கள். மாத்திரையை நிறுத்தினேன். குரல்கள் திரும்பி வந்தன. மறுபடி ஓ.பி.க்குப் போனபோது எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். கையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. மருந்து வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அக்கா என் கையைப் பார்த்தார். "மாத்திரை போட்டதிலேருந்து இப்படித்தானே தம்பி? எனக்கும் இருந்திச்சு. டீ கிளாஸ் புடிக்க முடியாது. நடுக்கத்துக்குத் தனியா மாத்திரை இருக்கு, டாக்டராண்ட கேளு. நீயா நிறுத்தாதே." கேட்கத் தயங்கி நின்றவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நடுக்கம் குறைந்தது. வலைக்குத் திரும்பினேன்.

டாக்டருக்குத் தெரியாத எதையும் அந்த அக்கா சொல்லவில்லை. நான் சொல்லத் தெரியாமல் நின்றதை என் கையில் படித்துவிட்டார். தமிழில் இதற்குப் பட்டறிவு என்று நல்ல பெயர் இருக்கிறது. அந்தப் பட்டறிவு உள்ளவர்கள் பயிற்சி பெற்று, மனநலக் குழுவில் சம்பளத்தோடு பணியாற்ற வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கை.

இது புதிய ஆசை இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலேயே பாரிஸை அடுத்த பீசெத்ர் மருத்துவமனையில் புசின் என்பவர், குணமானவர்களையே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அமர்த்தினார். குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகளில் 2014-இல் தொடங்கிய 'குவாலிட்டி ரைட்ஸ்' முயற்சி, நோயிலிருந்து மீண்டவர்களைச் சக ஆதரவாளர்களாகக் கொண்டுவந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் எச்.ஐ.வி. உள்ளவரையே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளராக அமர்த்தும் ஏற்பாடு இங்கேயே இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொடுக்க 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது; மனதுக்கு அப்படித் தேடி வருவது யார்? மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் எல்லோருக்கும் பணியிடம் உண்டு, எங்களுக்குக் கிடையாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநில மனநல ஆணையத்தில் நோய் கண்டவர்களின் பிரதிநிதிகளுக்கு இடம் தருகிறது. அந்த மேசையில் உட்காரத் தகுதி உள்ளவர்கள் ஓ.பி. பெஞ்சில் உட்காரத் தகுதியற்றவர்களா?

தன்னார்வலர் என்று பட்டம் கட்டி, சால்வை போட்டு அனுப்பிவிட வேண்டாம். தினக்கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு பஸ் காசு மட்டும் கொடுப்பது, அவர் உழைப்பைத் திருடுவதுதான்.

மருத்துவர்களோடு எங்களுக்குச் சண்டை கிடையாது. மருந்து எழுதித் தர மாட்டோம், நிறுத்தச் சொல்லவும் மாட்டோம். மந்திரிக்கப் போகிறவரையும் கேலி செய்ய மாட்டோம். அவரோடு கூடப் போய், திரும்பும் வழியில் ஓ.பி.க்கும் அழைத்து வருவோம். ஆனால் சங்கிலி இருக்கும் இடத்தில் எங்களுக்குச் சமரசம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. எங்களில் யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டோம்.

இந்தக் கரையில் மனது கெடக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகும் வலையும் கறுத்தன. அந்த மாதமே ஒரு நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சு முட்டத் தெருவுக்கு ஓடினார்கள். கண் எரிச்சலுக்கு மருந்து கிடைத்தது. இப்போதும் இரவில் எழுந்து மூக்கை உறிஞ்சிப் பார்ப்பவரின் பக்கத்தில் யார் உட்காருவது? உறக்கம் போனால் என்னவாகும் என்று அறிந்த நாங்கள் உட்காருகிறோம்.

எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடும் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் எங்களுடையவை. ஒருவர் சொன்ன சொல் அடுத்த வாசலுக்குப் போனால் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவார்கள், வேலை போகும். அதனால் கேட்டதை வெளியே சொல்ல மாட்டோம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், அவரிடமே சொல்லிவிட்டு மருத்துவரிடம் போவோம். எங்களில் ஒருவருக்கு நோய் திரும்பினால் வேலையை விட்டு நீக்கக் கூடாது. லீவு தர வேண்டும், அவர் திரும்பி வரும்வரை அந்த இடம் காத்திருக்க வேண்டும்.

சம்பளம் வரும்வரை சும்மா இருக்கப் போவதில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்ச் போட அனுமதி கேட்டு மனு எழுதியாயிற்று. மீன் கூடையை ஓரமாக இறக்கி வைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதல் கையெழுத்தை அந்த அக்கா போட்டார்.