பூச்சு வேலை போதாது!

கடலோரத்தில் ஒரு பழைய ஃபைபர் படகைப் பழுது பார்க்கிறார்கள். அதில் ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அக்கறை இருக்கிறது, தோழர்களே!

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைச் சூறையாடியது. அதன் பிறகு, கட்டுமரம் கிடந்த எத்தனையோ குப்பங்களுக்கு ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. இன்று அவற்றில் பலவும் கிழடாகிவிட்டன. மணலில் ஏற்றி இறக்கியே அடிப்பாகம் தேய்கிறது. அலை மோதி விரிசல் விடுகிறது. புதுப் படகு வாங்க மீனவரிடம் பணம் ஏது? வியாபாரியிடம் கை நீட்டினால், பிடித்த மீனை அவன் சொன்ன விலைக்குக் கொட்ட வேண்டும். ஆகவே பழைய படகைச் செப்பனிடுவதே அவருக்கு உள்ள வழி.

ஆனால் சில பட்டறைகளில் நடப்பது என்ன? விரிசலில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். பார்வைக்குப் புத்தம் புதுப் படகு! நடுக்கடலில் பட்டி கழன்று தண்ணீர் ஏறினால் மீனவர் யாரிடம் போய் முறையிடுவார்?

முறையான வேலை வேறு. கெட்ட பகுதியை முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் குடித்த இடம் நன்றாகக் காய வேண்டும். ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். படகின் சுவர் 5 மில்லிமீட்டர் கனம் என்றால் சரிவு அதைப்போல் 12 மடங்கு, அதாவது 60 மில்லிமீட்டர். பிறகு கண்ணாடி இழை மேட்டை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்ட்னர் 10 முதல் 20 கிராம் வரைதான். அவசரத்துக்கு அதிகம் ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். இப்படிச் செய்த படகு இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

சரி, இந்த வேலையைச் செய்கிறவன் யார்? நாகைப் பக்கம் ஒரு பட்டறையில் பார்த்தேன். இருபது வயதுப் பையன். தாயார் நடவுக்குப் போகிறவர். வயலில் வேலை குறைந்ததால் இவன் கடற்கரைக்கு வந்திருக்கிறான். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. மூக்கில் ஒரு துண்டு.

"தம்பி, இந்தத் துண்டு போதுமா?" என்று கேட்டேன்.

"இதுதான் அண்ணே இருக்கு. ராத்திரி உடம்பெல்லாம் அரிக்கும். ரெசின் கலக்கினா தலை சுத்தும். பழகிப்போச்சு" என்றான்.

பழகிப்போச்சு! ஆலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நம் தொழிலாளிகளும் முன்பு இதைத்தான் சொன்னார்கள். நெஞ்சு அடைத்து இருமிய பிறகல்லவா உண்மை தெரிந்தது?

கண்ணாடித் தூசி நுரையீரலுக்குக் கேடு. ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் என்ற ஆவியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற சந்தேகம் வலுவாக உள்ள பொருள்களின் வரிசையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2018-இல் வைத்தது. துண்டு இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி வேண்டும், கையுறை வேண்டும். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். இதை முதல் நாளே அவனுக்குச் சொல்லித் தர வேண்டும்.

இவற்றை வாங்கித் தருவது யார் பொறுப்பு? வேலை வாங்குகிற பட்டறை முதலாளியின் பொறுப்பு. அது அவர் போடும் பிச்சை அல்ல. கூலியைப் போலவே தொழிலாளியின் உரிமை. ஒருவன் தனியாகக் கேட்டால் "நாளை முதல் வராதே" என்பார். பட்டறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. மீனவரும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். இருமிக்கொண்டே அவசரமாக முடித்த வேலையில்தானே அவருடைய உயிர் மிதக்கிறது!

விரிசலைப் பட்டியால் மூடுவது ஒரு ஏமாற்று. தொழிலாளியின் மூச்சைத் துண்டால் மூடுவது அதைவிடப் பெரிய ஏமாற்று. இரண்டையும் அடிவரை தேய்த்து எடுப்போம்!