கொட்டிலுக்கு ஜன்னல் வைக்கும்போது

ஆல்ப்ஸ் மலையில் பழைய மாட்டுக் கொட்டிலை நவீன வீடாக மாற்றிய படங்கள் எங்கே கண்ணில் பட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஜன்னலைத்தான். சமையல் மேடை, கணப்பு, தரையில் விரித்த ஆட்டுத்தோல் எல்லாம் காசு இருந்தால் வந்துவிடும். கட்டியவரின் குணம் தெரிவது ஜன்னலில். ஏனென்றால் கொட்டிலுக்கு ஜன்னல் என்று சொல்லும்படியாக ஒன்றுமே இருந்ததில்லை.

சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் பெரும்பாலும் கீழே கல் சுவருக்குள் மாடு, மேலே கட்டைகளை அடுக்கிய மரத்தளத்தில் குளிர்காலம் முழுக்க அது தின்பதற்கான காய்ந்த புல். அந்தக் கட்டைகளுக்கு நடுவே வேண்டுமென்றே சந்து விட்டிருப்பார்கள். சரியாகக் காயாத புல் குவிந்து கிடந்தால் உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறும், சில சமயம் தானாகவே தீப்பிடிக்கும். காற்று ஓடினால்தான் புல்லும் பிழைக்கும், கட்டடமும் பிழைக்கும். ஆக, ஒழுகாத கூரையும் ஓட்டைச் சுவரும் இருந்தால் அது நல்ல கொட்டில். குடியிருக்க வருகிறவருக்கோ காற்றுப் புகாத சுவரும் நிறைய வெளிச்சமும் வேண்டும். கொட்டிலாக எவ்வளவு ஒழுங்கோ, வீடாக அவ்வளவு இம்சை.

இதற்கு அங்கே வழக்கமாகச் செய்வது வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டுவது. வெளிச்சுவரைத் தொடாமல் விட்டுவிட்டு, உள்ளே வெப்பக் காப்போடு புதுச் சுவர் எழுப்புகிறார்கள். மழையும் பனியும் வெயிலும் பழைய லார்ச் கட்டைகளோடு போய்விடும். அந்தக் கட்டைகளின் நிறம் இருக்கிறதே, அதை எந்தப் பெயின்டராலும் கொண்டுவர முடியாது. வெயில் விழும் தெற்குப் பக்கம் கரும்பழுப்பாகத் தீய்ந்திருக்கும், வடக்குப் பக்கம் வெள்ளி நரை ஓடியிருக்கும்.

படங்களில் வராத தொல்லைகள் இரண்டு உண்டு. தலைமுறை தலைமுறையாக மாட்டு மூத்திரம் ஊறிய கல் சுவரில் உப்பு தங்கியிருக்கும். மேலே எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும், ஈரம் ஏறி இறங்கும்போது உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிரும். சிமென்ட் பூசி மூடினால் இன்னும் மோசம். சுவர் மூச்சுவிடும்படி சுண்ணாம்பு பூசுவது, அதற்கு முன் உப்பை உறிஞ்சியெடுக்கக் காத்திருப்பது, இதெல்லாம் பொறுமைக்காரர் வேலை. அடுத்தது மரம். குளிரிலேயே கிடந்த கட்டைச் சுவருக்கு உள்ளிருந்து வெப்பமூட்டினால் அது காய்ந்து சுருங்கும். படுக்கை வாட்டில் அடுக்கிய கட்டைகள் என்பதால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சுவர் முழுவதுமே கீழே இறங்கும். விவரமறிந்த தச்சர் அந்தச் சுவரில் ஜன்னல் சட்டம் வைத்தால் தலைமாட்டில் விரல் நுழைய இடம் விடுவார். விடாவிட்டால் சுவரின் பாரம் கண்ணாடியில் உட்காரும்.

மறுபடி ஜன்னல். பள்ளத்தாக்கு முழுவதும் தெரிய வேண்டும் என்று சுவரையே அறுத்துப் பெரிய கண்ணாடி பதித்த வீடுகள் எனக்குப் பிடிப்பதில்லை. உள்ளே இருப்பவருக்குக் காட்சி கிடைக்கிறது. எதிர்ச்சரிவில் இருப்பவருக்கு ராத்திரியில் ஷோரூம். பழைய பலகைகளின் சந்துக்குப் பின்னால் கண்ணாடியை ஒளித்து வைத்தவர்களும், புல் ஏற்றிய பெரிய கதவு இருந்த இடத்தை மட்டும் ஜன்னலாக்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் வெளிச்சம் சற்றுக் குறைவுதான். இருக்கட்டுமே.

கிராவ்புண்டன் மாநிலத்தின் ஃபிளிம்ஸ் காட்டோரத்தில் ஒரு பழைய கட்டைக் குடில் இருந்தது. நிக்கிஷ், வால்டர் என்ற கட்டடக் கலைஞர்கள் அதை மாற்றிக் கட்டிய விதம் விசித்திரம். பழைய கட்டைகளையே சென்ட்ரிங் போல வைத்துக் கான்கிரீட் ஊற்றி, பிறகு பிரித்தெடுத்தார்கள். 2012-இல் எழுந்த அந்தச் சின்ன வீட்டில் ஒவ்வொரு கட்டையின் உருளையும் வெடிப்பும் கான்கிரீட்டில் அச்சாகப் பதிந்திருக்கிறது. மரம் போனது, மரத்தின் முகம் மட்டும் மிஞ்சியது. பிடித்திருக்கிறதா என்றால், பிடித்திருக்கிறது. ஆனால் ஊரில் ஒன்று போதும்.

இப்படி மாற்ற ஆசைப்படும் எல்லோருக்கும் அனுமதி கிடைத்துவிடாது. கட்டடம் எழுப்பலாம் என்று வகுத்த எல்லைக்கு வெளியே, மேய்ச்சல் நிலத்தில் தனியே நிற்கும் கொட்டிலை வீடாக்க அந்நாட்டுச் சட்டம் லேசில் விடுவதில்லை. சாலை, தண்ணீர், கழிவுநீர், பனி வாரும் வண்டி எல்லாம் அதன் பின்னாலேயே மலையேற வேண்டும் அல்லவா? போதாததற்கு, 2012 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 50.6 சதவீதம் பேர் இன்னொரு கடிவாளமும் போட்டார்கள். எந்த ஊராட்சியிலும் இரண்டாவது வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வருடத்தில் சில வாரம் மட்டும் விளக்கெரியும் படுக்கைகளை அங்கே ‘குளிர்ந்த படுக்கைகள்’ என்றே சொல்கிறார்கள்.

அதே மாநிலத்தின் வ்ரின் கிராமம் வேறு வழியில் போனது. வெளியூர்க்காரர்கள் விலையை ஏற்றிவிடாமலிருக்க, ஊரே காலி மனைகளை வாங்கி வைத்துக்கொண்டது. அந்த ஊரிலேயே பிறந்து தச்சு வேலை பழகிக் கட்டடக் கலைஞரான கியோன் கமினாடா அங்கே மாட்டுக்குப் புதுக் கொட்டில்கள் கட்டினார், இறைச்சிக்கூடமும் கட்டினார், எல்லாம் மரத்தில், ஊர் பாணியில். 1998-இல் ஊருக்கு, கட்டட மரபைப் பேணும் ஊர்களுக்கு அந்நாட்டில் தரும் வாக்கர் பரிசு கிடைத்தது. வ்ரினைப் பற்றிப் படித்த பிறகு, பழைய கொட்டிலின் படத்தைப் பார்த்தால் ஜன்னலோடு நிறுத்த முடியவில்லை. அங்கிருந்த மாடுகளை எங்கே கட்டினார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. படத்தின் கீழே அதை யாரும் போடுவதில்லை.