வருசத்தில ஒரு நாள் மட்டும் நல்ல பிள்ளை

புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் கராச்சுக்குப் போறது எங்கட ஊரில ஒரு சடங்கு மாதிரி. மெக்கானிக் அண்ணை கேக்கிறதும் ஒண்டே ஒண்டுதான்: "நாளைக்கோ ரெஸ்ட்?" ஓம் எண்டால் காபரேற்றரில திருகாணியை ரெண்டு சுற்றுத் திருகுவார். டீசல் எண்டால் பம்பில கை வைப்பார். அடுத்த நாள் சைலன்சருக்குள்ள குழாயை விட்டு, எஞ்சினை முறுக்கிப் பார்த்து, சான்றிதழ் அச்சாகி வரும். பின்னேரம் திரும்பவும் அதே கராச். "பழையபடி விடட்டே தம்பி? இல்லாட்டி இழுக்காது." எங்களில முக்கால்வாசிப் பேர் அதுக்குத் தலையாட்டியிருக்கிறம். இதை எழுதுறவை உத்தமர்கள் இல்லை எண்டதை முதலே சொல்லி வைக்கிறம்.

இலங்கையில் வாகனப் புகைக்கான நியமங்கள் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2003 இல் வர்த்தமானியில் வந்தன. வருடாந்தப் பரிசோதனை 2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது. சோதிக்கிறது ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனங்கள். பெற்றோல் வாகனத்தில காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கிறார்கள், டீசலில புகையின் அடர்த்தியை. நைதரசன் ஒட்சைட்டுகள் கணக்கில இல்லை. நச்சு வாயுவைக் குறைக்கிறதுக்கெண்டு புகைக்குழாயில பூட்டியிருக்கிற கற்றலிற்றிக் கொன்வேற்றர் உள்ளதோ, கழற்றி வித்தாச்சோ எண்டு ஆரும் குனிஞ்சு பார்த்ததை நாங்கள் கண்டதேயில்லை.

ஆக, சட்டம் கேக்கிறது சான்றிதழை. மற்ற 364 நாளும் வாகனம் என்னத்தைக் கக்குது எண்டு அது கேக்கிறேல்லை.

2015 செப்ரெம்பரில் வொல்க்ஸ்வாகன் அகப்பட்டதும் இந்த விளையாட்டிலதான். கார் சோதனையில நிக்குதா, றோட்டில ஓடுதா எண்டதை மென்பொருளே கண்டுபிடிச்சு, சோதனையில மட்டும் புகையைக் குறைச்சுக் காட்டியது. உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்கள். அவ்வளவு பொறியியலாளர்கள் இருந்து செய்ததை எங்கட அண்ணை ஒரு திருகாணிச்சாவியோட செய்து முடிக்கிறார் எண்டு நாங்கள் பகிடி விட்டிருக்கிறம். யோசிச்சால் அது பகிடி இல்லை.

வீட்டில இதைக் கதைச்சால் பெரியாக்கள் சிரிப்பினம். தொண்ணூறுகளின் முற்பாதியில், பொருளாதாரத் தடைக்குள்ள, யாழ்ப்பாணத்தில மோட்டார் சைக்கிளும் ஏ-40 காரும் மண்ணெண்ணெயில ஓடினவை. ஸ்ரார்ட் பண்ண மட்டும் சொட்டுச் சொட்டாப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். தெரு முழுக்க வெள்ளைப்புகை. எஞ்சினைத் தோண்டி மாத்தி ஓடுறது எங்களுக்குக் குற்றமாத் தெரியாமல் போனதுக்கு அந்தக் காலமும் ஒரு காரணம். அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேற வழி இருக்கேல்லை. இண்டைக்கு அந்த நியாயம் எங்களிட்ட இல்லை.

இனிப் பொலிஸ். மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம். வாகனத்தை மறிக்க, பத்திரம் பார்க்க, அந்த இடத்திலேயே தண்டம் எழுத, நீதிமன்றத்துக்கு அனுப்ப எண்டு பொலிசுக்குப் போதிய அதிகாரம் இருக்கு. அளவுக்கு மிஞ்சின புகையும் தண்டம் எழுதக்கூடிய குற்றந்தான். ஆனால் சந்தியில நிக்கிற பொலிஸ்காரரிட்டப் புகை அளக்கிற கருவி இல்லை. கண்ணும் காதுந்தான் இருக்கு. காதுக்கு முதலில அகப்படுறது சைலன்சர் மாத்தின பெடியன். எங்களில ஒருவரைக் கண்டி வீதியில அப்பிடித்தான் மறிச்சவை. அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில வைச்சுக்கொண்டு நிக்க, பக்கத்தால ஒரு பஸ் கரும்புகையை எல்லாற்ற முகத்திலயும் அடிச்சிட்டுப் போனது. தண்டம் எழுதினவரும் மூக்கைப் பொத்தினவர். பஸ்ஸை ஆரும் மறிக்கேல்லை.

அந்தப் பெடியன் செய்தது சரி எண்டு நாங்கள் வாதாட வரேல்லை. விடியப்புறம் நாலு மணிக்கு அந்தச் சத்தத்தில எழும்புற நோயாளிக்கும், படிக்கிற பிள்ளைக்கும் என்ன பதில்? சொல்ல வாறது, அளவுகோல் இல்லாத அதிகாரம் எப்பவும் மறிக்க லேசான ஆளைத்தான் மறிக்கும் எண்டது. தண்டச்சீட்டில என்ன எழுதியிருக்கு எண்டு தமிழில விளங்கப்படுத்தச் சொல்லிக் கேக்கவே பயப்படுற ஊரில இது இன்னும் மோசம். 2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீலங்கா' எண்டு பஸ், ஓட்டோக்களில இருந்த மேலதிக லைற்றுகளையும் சோடனைகளையும் கழற்ற வெளிக்கிட்டு, எதிர்ப்பு வந்தவுடன கால அவகாசம் குடுத்ததும் ஞாபகம் இருக்கும். கண்ணுக்குத் தெரிஞ்ச சோடனைக்கு நடந்த அளவு ஆரவாரம் புகைக்கு நடக்கேல்லை.

வேற இடங்களில சட்டம் எப்பிடிப் பிடிக்குது எண்டு பார்க்கேக்க எங்களுக்கு உறைச்சது ஒரு விசயம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில புகைக்கட்டுப்பாட்டுக் கருவி கழற்றின வாகனத்தை ஓட்டுறது மட்டும் குற்றமில்லை. அதைச் செயலிழக்கச் செய்யிற சாமானை விக்கிறதும், பூட்டிவிடுறதும், விளம்பரம் பண்ணுறதுங்கூடக் குற்றம். பரிசோதனையிலயும் கருவி இருக்கா எண்டு கண்ணால பார்க்கவேணும். வேணுமெண்டே கரும்புகை கக்கிற பிக்கப் வண்டிகளுக்கு எதிராக நியூ ஜேர்சி 2015 இலும் கொலராடோ 2017 இலும் தனிச்சட்டமே கொண்டுவந்தன. அதுக்காக அங்க எல்லாம் சுத்தம் எண்டில்லை. பத்து வருசத்துக்குள்ள ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில கருவி கழற்றப்பட்டிருக்கு எண்டு அந்த நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமே 2020 இல் மதிப்பிட்டது. ஆனால் கழற்றினவனையும் வித்தவனையும் தேடிப் போற வழி அந்தச் சட்டத்தில இருக்கு.

இஞ்ச எங்களுக்கு வேண்டியது புதுச் சட்டம் இல்லை. வீதியோரத்தில கருவியோட நிண்டு சோதிக்கிற குழுக்கள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திட்ட ஏற்கனவே இருக்கு. நாங்கள் எங்கட பக்கம் ஒருக்காலும் கண்டதில்லை, அவ்வளவுதான். அந்தக் கருவி ஏ-9 இல, சொல்லாமக் கொள்ளாம, மாசத்தில நாலு நாள் நிண்டால் போதும். இ.போ.ச. பஸ், தனியார் பஸ், மணல் ரிப்பர், இராணுவ ட்ரக், எங்கட மோட்டார் சைக்கிள் எல்லாத்துக்கும் ஒரே குழாய். வந்த எண்ணைச் சீட்டில தமிழில எழுதித் தரட்டும். தண்டம் எண்டால் கட்டுறம்.

கண்டி வீதியில மறிபட்டவர் தண்டத்தைக் கட்டி, பழைய சைலன்சரைத் திரும்பப் பூட்டிப்போட்டார். அந்தப் புதுச் சைலன்சரை அவருக்கு வித்த கடை, பொலிஸ் மறிச்ச இடத்திலயிருந்து கூப்பிடு தூரத்தில. போன கிழமை அதால போகேக்க பார்த்தம், வாசலில வரிசையாக் கட்டித் தூக்கியிருந்திச்சு, விலையும் எழுதி.