ப. சிங்காரத்திற்கு உரிய இடம் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டுதோறும் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்படும்போது, பெற்றவர் தகுதியுடையவரா என்னும் வாதம் சில நாள் நடந்து அடங்கிவிடுகிறது. பெறாமலே மறைந்தவர்களின் நூல்களுக்கு அரசும் பல்கலைக்கழகங்களும் இனியேனும் செய்யவேண்டியது என்ன என்று கேட்பார் அரியர். அவ்வாறு விடுபட்டோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ப. சிங்காரம் (1920–1997).

சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் பிழைப்புக்காகச் சுமத்திராத் தீவின் மேடான் நகருக்குக் கப்பலேறி, போர் முடிந்தபின் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டு பணியாற்றிய அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. ‘புயலிலே ஒரு தோணி’யோ எழுதி முடிக்கப்பெற்றுப் பத்தாண்டு கழிந்தபின், 1972இல்தான் அச்சேறியது.

இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்கு ஆசியாவில் வாழ்ந்த தமிழரைப் பற்றி இந்நாவலுக்கு இணையான இன்னொன்று தமிழில் இல்லை. ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைவதும், வட்டிக்குப் பணம் கொடுத்து வாங்கும் லேவாதேவிக் கடைகளில் மேலாள் எனப்படும் பொறுப்பாளரும், அவருக்கு உதவியாக இருக்கும் அடுத்தாளும், பணப்பெட்டியடியில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனும் தத்தம் கணக்கோடு கலங்கி நிற்பதும், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் தமிழ் இளைஞர்கள் சேர்வதும் அதில் கண்முன் நிகழ்கின்றன. நாயகன் பாண்டியன் பினாங்குக்குச் செல்லும் தொங்கான், அதாவது பாய்மரச் சரக்குக்கலம், நடுக்கடலில் புயலில் சிக்கும் பகுதியில், சொற்றொடர்கள் அறுந்து குறுகி, காற்றும் மழையும் அலையும் மட்டுமே எஞ்சும்படி உரைநடை மாறுகிறது; கடலைப் பற்றி இவ்வளவு நெருக்கத்தில் நின்று எழுதப்பட்ட பக்கங்கள் நம் மொழியில் மிகக் குறைவு. அயல்மண்ணில் அலையும் அதே பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவதும், பழம்பெருமை பேசித் திரியும் தமிழரை நாவல் கூசாமல் கேள்விக்கு உள்ளாக்குவதும் தனியே ஆராயத்தக்கவை.

இத்தகைய நூல் வெளிவந்து நான்காண்டுகளே ஆகியிருந்த 1976இல், தமிழுக்குச் சாகித்திய அகாதெமி விருதே வழங்கப்படவில்லை. அதன்பின்னும் சிங்காரம் இருபத்தோராண்டு உயிரோடிருந்தார். விருது அவரை வந்தடையவில்லை. இலக்கியக் குழு எதனோடும் சேராமல், மேடை ஏறாமல், தமக்காகப் பரிந்துரை தேடாமல் ஒதுங்கி வாழ்ந்தவர் அவர். அவ்வாறு ஒதுங்கியிருப்பவரைத் தேடிச் சென்று கண்டறிவதே விருதுக் குழுக்களின் கடமை என்பதால், அவருடைய கூச்சத்தைக் காரணம் காட்டி இப்புறக்கணிப்பை நியாயப்படுத்துவதற்கில்லை. நாவல் இன்று உயிரோடிருப்பது சிறுபத்திரிகை விமர்சகர்களாலும், மறுபதிப்பிட்ட தனியார் பதிப்பகங்களாலும், கைமாற்றிப் படித்த வாசகர்களாலுமே. அவருடைய நூற்றாண்டான 2020உம் பெருந்தொற்றின் ஊரடங்கில் வந்து போயிற்று.

மறைந்தவருக்கு இனி விருது தர இயலாது. அவருடைய நூலுக்கு உரியதைச் செய்ய இயலும். மலாய்ச் சொற்களும், சீனர், டச்சுக்காரர் பெயர்களும், லேவாதேவிக் கடைகளுக்கே உரிய தொழில்வழக்கும் விரவிய இந்நாவலை இன்றைய மாணவர் துணையின்றிப் படிப்பது எளிதன்று. ஆகவே பதிப்புகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்து, சொல்லடைவும் நிலவரைபடமும் வரலாற்றுக் குறிப்புகளும் சேர்த்த ஆய்வுப் பதிப்பு ஒன்றை அரசுச் செலவில் கொண்டுவரவேண்டும். அக்கடைகளில் வேலை பார்த்த தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்களுடைய மக்களிடமும் பேரர்களிடமும் எஞ்சியுள்ள பேரேடுகளும் கடிதங்களும் வாய்மொழிச் செய்திகளும் இப்பணிக்கு இன்றியமையாதவை, காலம் தாழ்த்தினால் அவையும் கிட்டா. கடல் கடந்து தொழில் செய்த குடும்பங்கள் நிறைந்த பகுதியிலேயே அமைந்துள்ள காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும், மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இணைந்து இதை மேற்கொள்ளவேண்டும். அதற்கான நிதியை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே தமிழ் வளர்ச்சித் துறை ஒதுக்கவேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மதுரை.