பெண்ணுக்குத் துணிவு இல்லையாம்!

கோவையில் இப்போது ஒரு புது வியாக்கியானம் கிளம்பியிருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் புரோகிராம் எழுதும் பெண்களுக்குத் தன்னம்பிக்கை போதாதாம். ஆண்கள் "என்னால் முடியும்" என்று முன்னே வருகிறார்களாம். பெண்கள் தயங்கி நிற்கிறார்களாம். ஆகவேதான் பெரிய பதவியும் பெரிய சம்பளமும் ஆண்களுக்குப் போகின்றனவாம். குற்றம் கம்பெனியில் இல்லை, பெண்ணின் மனத்தில் இருக்கிறது என்று தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள்.

மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன அக்கறை என்று தோழர்கள் கேட்கலாம். சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போகிறவர்கள் யார்? சிங்காநல்லூர் மில் தொழிலாளியின் மகள். அன்னூர்க் காட்டில் களை எடுத்துப் படிக்க வைத்த தாயின் மகள். நம் பெண்கள்தான்!

ஓய்வு பெற்ற மில் தோழர் ஒருவரின் வீட்டில் நான் கேட்டதைச் சொல்கிறேன். அவர் மகள் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். ஆண்டுக்கு ஒரு முறை அங்கே ஒரு படிவம் கொடுக்கிறார்கள். உன் வேலைக்கு நீயே மார்க் போட்டுக்கொள் என்பது அதன் சாரம். இவள் ஐந்துக்கு மூன்று போட்டாள். பக்கத்து நாற்காலிப் பையன், இவளிடம் வேலை கற்றுக்கொண்டவன், ஐந்துக்கு ஐந்து போட்டான். அவனுக்குச் சம்பளம் கூடுதலாக உயர்ந்தது.

"ஏன் கண்ணு, நீயும் அஞ்சு போட்டிருக்கலாமே?" என்று தகப்பனார் கேட்டார்.

"போன வருசம் அஞ்சுதானுங்கப்பா போட்டேன். கூப்பிட்டு, 'உனக்கு நெனப்பு ரொம்ப அதிகம்'னு சொன்னாங்க. அப்புறம் எப்படிங்க போடறது?" என்றாள் அவள்.

இதில் துணிவு இல்லாதது எங்கே? துணிந்தவளைத் தட்டி உட்கார வைத்துவிட்டு, ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்கிறார்கள்!

திறமைக் குறைவா?

அமெரிக்காவில் சில ஆராய்ச்சியாளர்கள் கிட்ஹப் என்ற இடத்தைப் பரிசோதித்து, 2017ல் முடிவை வெளியிட்டார்கள். உலகெங்கும் புரோகிராம் எழுதுவோர், ஒருவர் எழுதியதில் மற்றவர் திருத்தம் செய்து அனுப்பும் பொது இடம் அது. பெண்கள் அனுப்பிய திருத்தங்களில் நூற்றுக்கு 78.6 ஏற்கப்பட்டன, ஆண்களுடையவற்றில் 74.6. ஆனால் முன்பின் அறிமுகமில்லாதவர்கள் அனுப்பிய திருத்தங்களைத் தனியே பார்த்தபோது வேறு கதை வெளிவந்தது. அனுப்பியவர் பெண் என்று தெரியாதபோது பெண்களே முந்தினார்கள். பெண் என்று தெரிந்தபோது ஆண்களுக்குப் பின்னே தள்ளப்பட்டார்கள். குறை பெண்ணின் கையிலா, பார்ப்பவன் கண்ணிலா?

இந்தத் தொழிலின் தொடக்கத்தையே பாருங்கள். 1946 பிப்ரவரியில் பிலடெல்பியா நகரில் எனியாக் என்ற ராட்சதக் கணக்கு இயந்திரத்தை உலகுக்குக் காட்டினார்கள். அதற்குப் புரோகிராம் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். வழிகாட்ட ஒரு புத்தகம்கூட இல்லை. இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். அன்றைய வெற்றி விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. பின்னால் அந்த வேலைக்கு மதிப்பும் சம்பளமும் ஏறியபோது, அது ஆண்களின் வேலையாகிவிட்டது.

அதே 1946ல், ஜனவரி 8 அன்று, கோவைச் சிறையில் சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வர் தூக்கிலேற்றப்பட்டனர். அந்த வழக்கின் பின்னே இருந்தது என்ன? ஒரு பெண் தொழிலாளி மீது அடியாள் புரிந்த கொடுமை. கோவை மில்களில் சங்கத்தில் நின்ற பெண்களுக்குத் துணிவு குறைவாகவா இருந்தது? துணிவுக்கு அவர்கள் கொடுத்த விலைதான் அதிகம்.

பழைய கதை, புதிய கட்டடம்

ரிங் பிரேமில் பத்து வருஷம் இழை சேர்த்த பெண்ணுக்கு, மிஷின் எந்தச் சத்தம் போட்டால் எங்கே கோளாறு என்று தெரியும். ஆனால் ஸ்பேனரை அவள் கையில் கொடுப்பதில்லை, பிட்டராக ஆக்குவதில்லை. தோட்டத்திலே குனிந்த தலை நிமிராமல் களை எடுப்பவளுக்கு ஆணை விடக் கூலி குறைவு. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976ல் சட்டம் வந்தும் அது தோட்டத்து வரப்பைத் தாண்டவில்லை. "எனக்கு எதுக்குங்க அந்த வேலை" என்று அவள் சொன்னால், அது அடக்கம் அல்ல. கேட்டுக் கேட்டு ஓய்ந்த பேச்சு.

மில்லில் பஞ்சப்படி எப்படி வந்தது? விலைவாசிப் புள்ளி ஏறினால் பஞ்சப்படி ஏறும். அதற்காக எந்தத் தொழிலாளியும் மானேஜர் முன் நின்று தன் பெருமையைத் தானே பேச வேண்டியதில்லை. கூச்சப்படுகிறவனுக்கும் அதே படி, வாய்ச்சவடால்காரனுக்கும் அதே படி. சங்கம் சாதித்தது இதைத்தான். இன்று முதலாளி செய்வது என்ன? சங்கத்தை வெளியே நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரையும் தனியே அழைத்து "உன் விலை என்ன?" என்று கேட்கிறான். குறைத்துச் சொல்கிறவரிடம் மிச்சம் பிடிக்கிறான். பெண்ணின் தயக்கம் அவனுக்கு லாபம்!

கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016ல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியது நாம். என்ன வேலைக்கு என்ன சம்பளம், எத்தனை வருஷத்தில் என்ன பதவி என்பதைப் பகிரங்கமாக எழுதி ஒட்டு என்று கேட்கச் சொல்லுங்கள்.

நம்மையும் பார்ப்போம்

முதலாளியைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாமா? நம் கேட் கூட்டங்களில் பெண் தோழர்கள் உண்டியல் ஏந்துகிறார்கள், ஊர்வலத்தில் முன்னே நடக்கிறார்கள். மேடையில் எத்தனை பேர்? கமிட்டியில் எத்தனை பேர்? "அவங்க பேச மாட்டாங்க தோழர்" என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு முறை ஒரு வைண்டிங் தொழிலாளியிடம் மைக்கைக் கொடுத்தோம். முதல் இரண்டு வார்த்தை நடுங்கியது. பிறகு கால் மணி நேரம், டிபார்ட்மெண்டில் யாருக்கு என்ன கூலி வெட்டு என்று தேதி வாரியாகச் சொன்னார். எங்கள் நோட்டீசில் அவ்வளவு விவரம் இல்லை! அத்தனை நாளும் பேச மாட்டார் என்று முடிவு கட்டியிருந்தவர்கள் நாங்கள்தான்.

ஆகவே தோழர்களே, துணிவு கருவிலே வாங்கி வருகிற சரக்கு அல்ல. பேசினால் வேலை போகாது, கேட்டால் கேலி வராது, பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள் என்ற நிலை இருந்தால் அது வளரும். அந்த நாலு பேராக நாம் நிற்க வேண்டும். அடுத்த கூட்டத்திலேயே தொடங்குவோம். முதல் பேச்சு ஒரு பெண் தோழருடையதாக இருக்கட்டும்!